கூலிக்குச் சட்டம் வந்தது, கூரைக்கு எப்போது?

உழைப்பே உயர்வு தரும் என்பது நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் வாசகம். மே முதல் நாள் வந்தால் வாழ்த்துகளுக்கும் மாலைகளுக்கும் குறைவில்லை. ஆனால் பாராட்டுரைகளை வைத்து உழைப்பின் மதிப்பை அளந்துவிட முடியாது. அதை அளக்க எளிமையான வழி ஒன்று உண்டு. ஒரு தொழிலாளி வேலையை விட்டு நிற்கும் நாளில் அவர் கையில் என்ன இருக்கிறது, அன்றிரவு அவர் யாருடைய கூரையின் கீழ் உறங்குகிறார் என்று பார்த்தால் போதும்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வடசிலாங்கூர் தோட்டங்களைப் பார்ப்போம். ராவாங்கிற்கும் செரண்டாவிற்கும் இடையில் இருக்கிறது சுங்கை சோ. அங்கிருந்து மேற்கே சென்றால் புக்கிட் பெருந்தோங், புக்கிட் தாகார், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் வரை ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையுமாக நீண்டு கிடந்த பூமி. இன்று சுங்கை சோ என்றால் பலருக்குப் பெரோடுவா கார்த் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். மற்ற இடங்களில் புதிய குடியிருப்புகளும் நெடுஞ்சாலையும் வந்துவிட்டன. பழைய தோட்டங்கள் பலவற்றின் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில்தான் மிஞ்சியிருக்கின்றன.

மலேசியாவின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டம் 1917-ஆம் ஆண்டு கோலசிலாங்கூர் வட்டாரத்தில்தான் உருவானது. அதைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரோ ‘தென்னமரம்’. நாட்டுக்குக் கோடிக்கணக்கில் வருமானம் தந்த ஒரு தொழில், ஒரு தமிழ்ச் சொல்லைப் பெயராகக் கொண்ட மண்ணில் முளைத்திருக்கிறது. பெயரில் நம் மொழி இருந்தது. உழைப்பில் நம் மக்கள் இருந்தார்கள். நிலப்பட்டாவில் மட்டும் அவர்கள் இல்லை. தோட்டத் தொழிலாளியின் கதையைச் சுருக்கமாகச் சொல்வதென்றால் இதுதான்.

1941-இல் கேட்டவை

கூலியை யார் நிர்ணயித்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1920-களின் பிற்பகுதியில் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது அளவுகோலாக இருந்தது. ஒரே வெயிலில் ஒரே நிரையில் நின்றாலும் பெண்ணின் வேர்வைக்கு 10 காசு குறைவு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது அந்தக் கூலியும் வெட்டப்பட்டது. ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறும்போது இலாபம் முதலாளிக்கு, விலை இறங்கும்போது நட்டம் தொழிலாளிக்கு என்பதே அன்றைய கணக்கு. கூலிப் பிரச்சினையால் இந்திய அரசாங்கம் 1938 ஜூன் மாதத்தில் மலாயாவுக்கு உதவியுடன் தொழிலாளர்களை அனுப்புவதையே நிறுத்தியது.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதன் முன்னணித் தலைவர். அன்று முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளை இன்று படித்தால் மனம் கனக்கும். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும், பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் குடும்பங்களுக்கு மருத்துவ வசதியும் வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றார்கள். பெண்கள்மீது அதிகாரிகள் கைவைப்பது நிற்க வேண்டும், உறவினர்கள் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும், குறையைச் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது, சங்கம் அமைக்க அனுமதி வேண்டும் என்றும் கேட்டார்கள்.

இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரை எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அது. சைக்கிள் தொழிலாளி தன் காசில் வாங்கியது. சாலை தோட்டத்துச் சாலை. அதில் உட்கார்ந்தபடியே போக ஒரு போராட்டம் தேவைப்பட்டது. அன்றைய மக்கள் கூலியையும் மானத்தையும் ஒரே தாளில் எழுதிக் கேட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உழைப்பின் மதிப்பு என்பதற்கு அவர்கள் தந்த விளக்கத்தைவிடச் சிறந்த விளக்கம் தேட வேண்டியதில்லை.

மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். போராட்டம் கிள்ளானைத் தாண்டிப் பரவியது. சிலாங்கூரில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டு, இராணுவம் இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சில மாதங்களில் ஜப்பானியர் படையெடுப்பு வந்து எல்லாவற்றையும் மூடி மறைத்துவிட்டது.

சங்கம் கண்ட வழி

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் வேகமாக வளர்ந்தன. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக எஸ். ஏ. கணபதி உயர்ந்தார். 1948-இல் சட்டத்தைத் திருத்தி, சங்கப் பொறுப்பில் இருப்பவர் அந்தத் தொழிலில் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் பெற்றிருக்க வேண்டும் என்று விதித்தார்கள். வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனத்தில் சேரவும் தடை வந்தது. சம்மேளனத்தின் பதிவு ரத்தானது. 1949 மார்ச் மாதத்தில் ராவாங் வாட்டர்ஃபால் தோட்டப் பகுதியில் கணபதி கைது செய்யப்பட்டார். ஆயுதம் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, அதே ஆண்டு மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். சுங்கை சோ மக்களுக்குப் பக்கத்து ஊரில் நிகழ்ந்த வரலாறு இது. ஆனால் அங்குள்ள இளைஞர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

அதன் பிறகு பேச்சுவார்த்தை வழியில் தொழிற்சங்கம் நடந்தது. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பி. பி. நாராயணன் தலைமையில் முதலாளிமார் சங்கத்துடன் கூட்டு ஒப்பந்தங்களைச் செய்தது. அந்த ஒப்பந்தங்களால் நன்மை விளைந்ததை மறுப்பதற்கில்லை. ஆனாலும் நாள்கூலி என்ற முறை மட்டும் அசையவில்லை.

நாள்கூலியின் கொடுமையை அனுபவித்தவர்களுக்கே அது தெரியும். பால்மரம் வெட்டுவோர் விடிவதற்கு முன்பே நிரையில் இறங்கியாக வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். மழை பெய்தால் அன்றைய வெட்டும் போச்சு, கூலியும் போச்சு. இலையுதிர் காலத்தில் பால் சுண்டிவிடும். செம்பனையில் நிலை வேறு, துன்பம் ஒன்றுதான். நீண்ட கழியில் அரிவாளைப் பொருத்திக் குலையை அறுப்பவர் கணவர். கீழே சிதறும் பழங்களைக் குனிந்து பொறுக்கிச் சாக்கில் சேர்ப்பவர் மனைவி. பல தோட்டங்களில் பேர் போட்டது கணவருக்கு மட்டுமே. எடைக்குக் கூலி என்னும் கணக்கில் அந்தப் பெண்ணின் உழைப்பு கணவரின் பெயருக்குள் மறைந்து போனது. உழைப்பு கணக்கில் ஏறாவிட்டால் சேமநிதியும் இல்லை, விபத்துக் காப்புறுதியும் இல்லை. முதுமையில் வெறுங்கையோடு நிற்கும் பல தாய்மார்களின் கதைக்கு இதுவே முன்னுரை.

மருந்து அடிக்கும் வேலையிலும் பெண்களே முன்வரிசையில் நின்றார்கள். களைக்கொல்லியான பாராகுவாட் 2002-இல் தடை செய்யப்பட்டு, 2006-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, 2020 ஜனவரியில்தான் முற்றாக நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை முதுகில் சுமந்தவர்களின் ஆரோக்கியத்தை யார் திருப்பித் தருவார்கள்?

இன்றைய சட்டம் தருவது என்ன?

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் அப்போது மாதம் 900 வெள்ளி. படிப்படியாக உயர்ந்து 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளியானது. 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. ஐவருக்கும் குறைவானவர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டு முதல் இது கட்டாயமானது. எடைக் கணக்கிலும் குலைக் கணக்கிலும் கூலி பெறுவோருக்கும் மாத வருமானம் இந்த அளவுக்குக் குறையக் கூடாது என்பது முக்கியமானது. “நான் கான்டிராக்ட் வேலைதானே செய்கிறேன்” என்று ஒதுங்கிப் போகும் தொழிலாளர்கள் இதை மனத்தில் பதிய வைக்க வேண்டும்.

1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரியில் திருத்தங்களுடன் அமலானது. வாரத்திற்கு 45 மணி நேரத்திற்கு மேல் சாதாரண வேலை நேரம் இருக்கக் கூடாது. வாரம் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும். பிரசவ விடுப்பு 98 நாள், தந்தையருக்கு 7 நாள். ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள் கைக்கு வந்தாக வேண்டும். எந்தக் கணக்கில் எவ்வளவு, எதற்காக எவ்வளவு பிடித்தம் என்ற விவரத்தையும் முதலாளி தொழிலாளிக்குத் தர வேண்டும்.

அந்தச் சம்பளச் சீட்டைப் பலர் கசக்கி எறிந்துவிடுகிறார்கள். அது வெறும் தாளல்ல. ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளி 11 விழுக்காடும், 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குவோருக்கு முதலாளி 13 விழுக்காடும் செலுத்த வேண்டும். சம்பளத்தில் பிடித்த பணம் உண்மையிலேயே நிதிக்குப் போனதா என்பதைச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் ஒப்பிட்டால்தான் அறிய முடியும். சொக்சோவும் அப்படியே. வேலையிடத்தில் மட்டுமல்லாமல், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. சந்தா கட்டப்பட்டிருக்கவில்லை என்பது விபத்துக்குப் பிறகு தெரிய வந்தால், அந்தக் குடும்பம் இரண்டு முறை அடிபடுகிறது.

வேலை போனால் என்ன செய்வது? தொழிலாளியின் தவறு எதுவும் இல்லாமல், ஆட்குறைப்பாலோ தோட்டம் மூடப்பட்டதாலோ வேலை இழப்பவருக்கு 1980-ஆம் ஆண்டின் விதிமுறைகள்படி இழப்பீடு உண்டு. ஓராண்டுக்கு மேல், இரண்டாண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டு வரை 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 20 நாள். பத்தாண்டு உழைத்தவருக்கு இருநூறு நாள் சம்பளம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். தோட்டம் கை மாறும்போது, பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் புதிய முதலாளி வேலை தர முன்வராவிட்டாலும் இந்த உரிமை உண்டு. வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். “நானே விலகிக்கொள்கிறேன்” என்று எழுதிக் கொடுத்தால் இழப்பீட்டை நீங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அதற்கு வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

விடுபட்ட கோரிக்கை

1941-இன் பட்டியலை இன்றைய சட்டத்தோடு ஒப்பிட்டால், பெரும்பாலானவற்றுக்கு ஏட்டிலாவது பதில் வந்துவிட்டது தெரியும். துரைக்காக இன்று யாரும் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. ஆனால் அன்றைய பட்டியலில் இடம்பெறாத ஒன்று, இன்றைய மிகப் பெரிய காயமாக இருக்கிறது. அதுதான் வீடு.

அன்று அதைக் கேட்காமல் விட்டதில் வியப்பில்லை. லயத்து வீடு வேலையோடு சேர்ந்தே வந்தது. தண்ணீர், ஆயாக் கொட்டகை, பள்ளி, கோவில், இடுகாடு எல்லாம் தோட்டத்திற்குள்ளேயே இருந்தன. வீடு இலவசம் என்று காரணம் காட்டிக் கூலியைக் குறைவாக வைத்தார்கள். கூலி குறைவாக இருந்ததால் வெளியே சொந்த வீடு வாங்கச் சேமிக்க முடியவில்லை. இது ஒரு வட்டம். மூன்று தலைமுறை அந்த வட்டத்திற்குள்ளேயே சுற்றியது. வேலை முடிந்த அன்று, அல்லது தோட்டம் விற்கப்பட்ட அன்று, அது ‘இலவச வீடு’ அல்ல, கூலியில் பிடித்த பணத்தில் கட்டிய, ஆனால் தனக்குச் சொந்தமில்லாத வீடு என்பது தொழிலாளிக்குப் புரிந்தது.

தோட்டத் துண்டாடல் 1950-களிலேயே தொடங்கிவிட்டது. அந்த ஆபத்தை உணர்ந்துதான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பால்மரம் வெட்டியவர்களே தோட்டத்திற்குப் பங்குதாரர்கள் ஆகலாம் என்று அது காட்டியது. ஆனால் எல்லாத் தோட்டங்களுக்கும் அந்தக் கை எட்டவில்லை.

1990-களில் மேம்பாட்டு அலை வடசிலாங்கூரை எட்டியது. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காக நடத்திய போராட்டம் இந்த வட்டாரத்தில் எல்லாரும் அறிந்தது. 245 குடும்பங்கள். மகஜர்கள் எத்தனை, சந்திப்புகள் எத்தனை! போராட்டத்தைத் தொடங்கியபோது நடுவயதில் இருந்தவர்கள் முதியவர்கள் ஆனார்கள். 2024-இல் கோலகுபு பாரு இடைத்தேர்தல் வந்த வேளையில்தான் அவர்களுடைய வீடமைப்புக்கு மத்திய அரசின் நிதி ஒதுக்கீடு பற்றிய அறிவிப்பு வந்தது. இதே புக்கிட் தாகாரில் கோலாலம்பூரின் குப்பையைப் புதைக்கும் நிலம் 2005 முதல் இயங்கி வருகிறது. தலைநகரின் குப்பைக்கு இடம் ஒதுக்க முடிந்த மண்ணில், அதைப் பண்படுத்தியவர்களுக்கு வீடு ஒதுக்க இத்தனை காலம் பிடித்தது என்றால், தவறு நிலப் பற்றாக்குறையில் இல்லை.

தொழிலாளர்களின் வீட்டு வசதிக்கென்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், இட அளவு போன்றவற்றை அது பார்த்துக்கொள்கிறது. அதன் பாதுகாப்பு வேலையில் இருக்கும் வரையில்தான். ஓய்வு பெற்ற மறுநாள் அந்தத் தொழிலாளி எங்கே போவார் என்ற கேள்வி அதில் இல்லை. தோட்டத்தை மேம்பாட்டுக்கு மாற்ற அனுமதி கேட்கும்போதே, அங்கு வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சொந்த வீடு தருவதை நிபந்தனையாக்க வேண்டும். நிலத்தின் பயன்பாட்டை மாற்றும் அதிகாரம் மாநில அரசின் கையில் இருப்பதால், இது மாநில அரசால் செய்யக்கூடிய காரியமே. வீட்டுச் சாவி கையில் வந்த பிறகே லயத்தை இடிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வாக்குறுதி எத்தனை இனிப்பாக இருந்தாலும் தொழிலாளி நம்பத் தேவையில்லை.

மற்றவர் தோளிலும் அதே சுமை

இன்று தோட்டங்களில் குலை அறுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களால்தான் நம் கூலி உயரவில்லை என்ற குறை நம்மிடையே உண்டு. சற்றுச் சிந்திக்க வேண்டும். முகவருக்குக் கடன்பட்டு வருவது, கடப்பிதழை முதலாளியிடம் விட்டுவிட்டு வாய் மூடி வேலை செய்வது, தோட்டத்தை விட்டு வெளியேற அஞ்சுவது, இவை நம் பாட்டனார் கங்காணி காலத்தில் பட்ட பாடுகளேதாம். 2020 டிசம்பரில் மலேசியாவின் பெரிய செம்பனை நிறுவனம் ஒன்றின் எண்ணெய்க்கு, கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி, அமெரிக்கா தடை விதித்தது. சீர்திருத்தங்களுக்குப் பிறகு 2023-இல் அதை நீக்கியது. தொழிலாளியை நடத்தும் விதம் வியாபாரத்தையே நிறுத்தக்கூடியது என்பதை அன்றுதான் பலர் உணர்ந்தார்கள்.

அந்நியத் தொழிலாளியை மலிவாக வேலை வாங்க முடிகிற வரையில் உள்ளூர்த் தொழிலாளிக்கு நல்ல கூலி கிடைக்காது. அவருக்கும் 1,700 வெள்ளி, அவருக்கும் ஓய்வு நாள், அவருக்கும் சொக்சோ என்று சட்டம் சொல்வதை முழுமையாக நடைமுறைப்படுத்தினால், மலிவு என்ற காரணமே அடிபட்டுப்போகும். அவருடைய உரிமைக்காகப் பேசுவது நம் கூலிக்காகப் பேசுவதும் ஆகும்.

தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் பிள்ளைகள் இன்று தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் பாதுகாவல் பணியிலும் மோட்டார் சைக்கிள் விநியோகத்திலும் இருக்கிறார்கள். அவர்களும் மாதச் சம்பளச் சீட்டை ஒரு கோப்பில் பத்திரப்படுத்தட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது சேமநிதிக் கணக்கையும் சொக்சோ பதிவையும் சரிபார்க்கட்டும். சங்கம் இருந்தால் உறுப்பினராகட்டும். பெற்றோர் இன்னமும் லயத்தில் இருந்தால், எத்தனை ஆண்டு வேலை செய்தார்கள், எந்தத் தேதியில் நின்றார்கள் என்பதற்கான தாள்களை இப்போதே தேடி எடுத்து வைக்கட்டும். நாளை ஒரு வீட்டுத் திட்டம் வரும்போது “நீங்கள் இந்தத் தோட்டத்தில் இருந்ததற்கு என்ன ஆதாரம்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். அறுபது ஆண்டு வேர்வை சிந்திய குடும்பம், ஒரு தாள் இல்லாததால் அந்தப் பட்டியலில் விடுபட்டுப் போகக் கூடாது.